மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் கேட்

மழை விடுமுறை பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் நகைச்சுவைதான். ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தியில் சொன்ன உடனேயே கலெக்டரை வைத்து மீம்ஸ் வர ஆரம்பித்துவிடும். லீவு விட்ட அன்றைக்குப் பார்த்து வெயில் அடிக்கும், விடாத அன்றைக்குக் கொட்டித் தீர்க்கும், கலெக்டர் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லை போலிருக்கிறது, இப்படி. நானும் சிரித்திருக்கிறேன். முந்தின நாள் இரவோ விடிகாலையிலோ அறிவித்துவிடுகிற லீவு எனக்குப் பிரச்சினையே இல்லை. மழை வராமல் போனாலும் சரி. ஒரு நாள் படிப்பு போனால் ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டிவிடலாம். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்று கேட்கிறது. அதைச் சரிக்கட்டப் பள்ளிகளுக்குத் தெரியும்.

என் சண்டை வேறொன்றோடு. காலையில் பள்ளியைத் திறந்து, குழந்தைகளை உள்ளே வாங்கிக்கொண்டு, மழை வலுத்ததும் பதினொன்றரை மணி வாக்கில் ஒரு வாட்ஸப் செய்தி போட்டு, பன்னிரண்டு மணிக்கு கேட்டைத் திறந்துவிடுகிறார்களே, அந்தப் பழக்கத்தோடு. எங்கள் ஊரில் இதற்குப் 'பாதி நாள் லீவு' என்று பெயர். பள்ளிக்கூடத்துக்காரர்கள் 'பிள்ளைங்க சேஃப்டிக்காக' என்பார்கள். இதில் பாதுகாப்பு என்று எதுவுமில்லை. பள்ளி தன் பொறுப்பை ஒரு நாளின் மிக மோசமான நேரத்தில் தெருவில் இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது அது. இதை யாரும் கேள்வி கேட்காமல் இருப்பதற்குக் காரணம், இதன் செலவை ஏற்பவர்கள் கேள்வி கேட்க நேரமில்லாதவர்கள் என்பதுதான்.

காரைக்காலை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது எனக்குப் பழகிப்போன வேலை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு துண்டுகளில் ஒன்று. தலைநகரத்திலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். பரப்பளவு சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். கிழக்கே கடல். மற்றபடி எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் தமிழ்நாடு வந்துவிடும். வடக்கே பூவத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகப்பட்டினம் மாவட்டம். காவிரியின் கடைசிக் கிளைகள் எங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜன் ஆறு, நண்டலாறு என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். வாலில் இருக்கிற ஊர். கடல் கொந்தளிக்கிற நாளில் ஆறு சீக்கிரம் வடியாது. ஆறு வடியாத நாளில் வாய்க்காலும் வடியாது. வாய்க்கால் வடியாவிட்டால் தெருவில் நிற்கும்.

இந்தப் பூகோளத்தை ஒரு குழந்தையின் காலையோடு பொருத்திப் பாருங்கள். பொறையாரிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் காரைக்கால் பள்ளிகளுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நாகூரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. காரைக்காலில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்கோ மயிலாடுதுறைக்கோ வேலைக்குப் போகிற பெற்றோர் அதைவிட அதிகம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு, ஒரே வீட்டின் ஒரு மழை நாளை மூன்று கலெக்டர்கள் தீர்மானிக்கிறார்கள். அம்மா வேலை பார்க்கிற ஊரில் ஒரு அறிவிப்பு, பிள்ளை படிக்கிற ஊரில் ஒரு அறிவிப்பு, டீச்சர் குடியிருக்கிற ஊரில் இன்னொன்று. வானம் என்னவோ ஒன்றுதான். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி சேனலில் ஓடுகிற மாவட்டப் பட்டியலில் நாகை இருக்கும், மயிலாடுதுறை இருக்கும், நடுவில் இருக்கிற நாங்கள் இருக்க மாட்டோம். எங்களுக்குத் தனி அரசு, தனிச் செய்தி.

சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் இரண்டாம் வகுப்பு. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற மென்பொருள் பொறியாளர். கணவருக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். காலையில் தூறல்தான். லீவு அறிவிப்பு எதுவும் வரவில்லை. வேனில் ஏற்றி அனுப்பினேன். 11.38-க்குப் பள்ளியின் வாட்ஸப் குழுவில் செய்தி: கனமழை காரணமாகப் பள்ளி பன்னிரண்டு மணிக்கு விடப்படும், பெற்றோர்கள் வந்து அழைத்துச் செல்லவும். இருபத்திரண்டு நிமிடம். வேன் டிரைவருக்கு போன் போட்டேன். "அக்கா, நான் திருநள்ளாறு பக்கம் ஒரு சவாரில இருக்கேன். எனக்கே இப்பதான் சொல்றாங்க. ஒரு மணி நேரம் ஆவும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளி வேன் காலையிலும் மாலையிலும்தான் ஓடுகிறது. நடுவில் அவர் வேறு சவாரி பார்த்தால்தான் டீசலுக்குக் கட்டுப்படியாகும்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். பள்ளித் தெரு முனையில் தண்ணீர் முழங்கால் வரை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். எங்கே சாலை முடிகிறது, எங்கே சாக்கடை ஆரம்பிக்கிறது என்று தெரியாது. ஊர்க்காரி என்பதால் ஞாபகத்தை வைத்து நடந்தேன். கேட்டுக்கு வெளியே, ஒன்றரை அடி அகல சன்ஷேடுக்குக் கீழே, நாற்பது ஐம்பது பிள்ளைகள். உள்ளே வகுப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் சிலர் கிளம்பி அந்தத் தண்ணீருக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று எழுதி வைக்க ஒரு நோட்டு இல்லை. "இவன் எங்க தெருப் பையன்தான், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் சொன்னார், வாட்ச்மேன் தலையாட்டினார், அவ்வளவுதான்.

என் மகளின் வகுப்பிலேயே ஒரு பையன். அவன் அம்மாவுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அங்கே வேலை நேரத்தில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் கொடுப்பார்கள். வாட்ஸப் செய்தி லாக்கருக்குள் கிடக்கிறது. "வாடா, எங்க வீட்டுக்குப் போலாம்" என்றேன். "அம்மா இங்கயே இருக்கச் சொல்லிருக்கு" என்றான். ஏழு வயசுப் பையனுக்கு இருந்த ஒழுங்கு அது. அவனை எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, பள்ளி அலுவலகத்தில் போய், அவன் அம்மா வரும்வரை உள்ளே வைத்திருங்கள் என்று சொன்னேன். "ஸ்டாஃப் எல்லாம் கிளம்பிட்டாங்க மேடம்" என்றார்கள். அந்த அம்மா சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்து, அனுமதி கேட்டு, பஸ் பிடித்து, இருபது கிலோமீட்டர் வந்து சேர்ந்தபோது மூன்று மணி ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டது டீக்கடை. ஒரு பன்னும் பாலும் கொடுத்தார்களாம், காசு வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டேகால் மணிக்குத்தான் அன்றைய மழையின் உச்சம். இரண்டு மணிக்கு விட்டுவிட்டது. வழக்கமாகப் பள்ளி விடுகிற மூன்றரை மணிக்கு அதே தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. வேன் ஓடியது. பேசாமல் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருந்து ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருந்தால், எல்லாரும் நனையாமல் வீடு வந்திருப்பார்கள்.

இது அன்றைக்கு மட்டும் தற்செயலாக நடந்தது என்று நினைக்கவில்லை. இந்த முடிவு எடுக்கப்படுகிற விதத்திலேயே இது இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்வதில்லை. கடலிலிருந்து மேகக் கூட்டம் ஒன்று வரும், கொட்டும், நகரும், அடுத்தது வரும். பள்ளியில் ஒருவர் எப்போது பயந்துபோய் 'விட்டுடலாம்' என்று முடிவெடுப்பார்? ஜன்னலுக்கு வெளியே மழை உச்சத்தில் இருக்கும்போதுதான். தூறும்போது யாரும் பள்ளியை விடுவதில்லை. ஆகவே பாதி நாள் லீவு என்பது, பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்ப அன்றைய நாளின் ஆகப் பெரிய மழையைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிற ஏற்பாடு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் முடிவு அப்படித்தான் வந்து விழும்.

சரி, பள்ளிக் கட்டடம் ஆபத்தா? எங்கள் கடற்கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடலோரக் கிராமத்து ஜனங்களைத் தங்க வைத்த இடங்களில் பள்ளிக்கூடங்கள் முக்கியமானவை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடந்தது. ஒவ்வொரு முறையும் தாழ்வான பகுதியில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடம் எது? பள்ளிக்கூடம். கிளிஞ்சல்மேட்டுக்காரர்களையும் பட்டினச்சேரிக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள், புயல் என்றால் எந்தப் பள்ளி என்று சொல்லுவார்கள். புயல் இரவில் ஒரு கிராமத்தையே உள்ளே வைத்துக் காப்பாற்றும் என்று நாம் நம்புகிற கட்டடம், ஒரு மதிய மழையில் அதே கிராமத்துப் பிள்ளைகளை மூன்றரை மணி நேரம் வைத்திருக்க லாயக்கில்லை என்று சொல்வதை நான் எப்படிப் புரிந்துகொள்வது? சில கட்டடங்கள் நிஜமாகவே மோசம், ஒழுகுகின்றன, தண்ணீர் உள்ளே வருகிறது என்று ஒருவர் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடம் நவம்பரில் மோசமாகவில்லை, ஜூனிலேயே மோசம். அங்கே வைக்க வேண்டிய கேள்வி பாதி நாள் லீவு அல்ல, அங்கே பள்ளி நடக்கலாமா என்பது.

பனி பெய்கிற நாடுகளில் இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 1888 ஜனவரி 12-ஆம் தேதி அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளியில் காலை இதமாக இருந்தது. பிள்ளைகள் கனத்த மேல்கோட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பள்ளி நடந்துகொண்டிருக்கிற நேரத்தில் பனிப்புயல் வந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர் செத்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அதில் நிறைய. அந்தப் புயலையே குழந்தைகளின் பனிப்புயல் என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகளை விடாமல் ராத்திரி முழுக்கப் பள்ளியிலேயே அடுப்பு மூட்டி வைத்திருந்த ஆசிரியர்களும் அன்றைக்கு இருந்தார்கள், அந்தப் பிள்ளைகள் மறுநாள் வீட்டுக்குப் போனார்கள். அது பழைய கதை என்றால், 2014 ஜனவரி 28, அட்லாண்டா. விழுந்த பனி ஆறு ஏழு சென்டிமீட்டர்கூட இருக்காது. அலுவலகம், அரசு, பள்ளி எல்லாம் ஒரே மதியத்தில் ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விட்டன. சாலைகள் உறைந்து, வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன. பிள்ளைகள் மணிக்கணக்கில் பேருந்துகளில் சிக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அன்று இரவைப் பள்ளியிலேயே கழித்தார்கள். ஆளுநர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அங்கே குற்றவாளி பனி அல்ல. ஒரு நகரத்தையே நடுப்பகலில் ஒரே கதவு வழியாக வெளியே தள்ளிய முடிவு.

நம் பக்கத்தில் கேரளத்தில் நடந்தது வேறு மாதிரி. 2022 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எர்ணாகுளம் மாவட்டத்தில் காலை எட்டரையை ஒட்டி லீவு அறிவித்தார்கள். அதற்குள் நிறையப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள், விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பிறகு, ஏற்கெனவே தொடங்கிவிட்ட பள்ளிகளை மூட வேண்டியதில்லை என்று ஒரு விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தையும் சேர்த்துத்தான் எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்கு என்னவோ, அன்றைக்கு அந்த நிர்வாகம் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று தோன்றுகிறது. லீவு தாமதமாக வந்தது தப்பு. ஆனால் உள்ளே வந்துவிட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே என்பது சரியான விதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் தொழிலில் இதற்கு ஒரு எளிய பாடம் உண்டு. வங்கிக் கணக்கில் ஒரு பரிமாற்றம் நடக்கிறது. என் கணக்கில் பணம் கழிய வேண்டும், உங்கள் கணக்கில் ஏற வேண்டும். இரண்டும் நடக்கணும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. கழிந்து, ஏறாமல் நிற்கிற நடு நிலைதான் ஆகப் பெரிய ஆபத்து. அதைத் தடுக்கத்தான் பாதி வேலையை எழுதுகிறோம். பள்ளி நாளும் அப்படித்தான். பிள்ளை வீட்டில் இருக்கலாம், பள்ளியில் இருக்கலாம். இரண்டு இடத்திலும் அவளுக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில், யார் பொறுப்பு என்று தெரியாத தெருவில் நிற்கிற நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். பாதி நாள் லீவு அந்த நேரத்தைத் தேவையில்லாமல் உண்டாக்குகிறது. ரயில்வேயில் சிக்னல் பழுதானால் அது சிவப்புக்குப் போகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். எதுவும் தெரியவில்லையா, அங்கேயே நில். நம் பள்ளிகளில் எதுவும் தெரியாத நேரத்தில் கேட் திறந்துகொள்கிறது.

'அப்படியென்றால் ஆன்லைன் வகுப்பு வைத்துவிடலாமே' என்று சொல்கிற ஒரு சாராரும் இருக்கிறார்கள், பெரும்பாலும் என் துறைக்காரர்கள். 2024 பிப்ரவரி 13-ஆம் தேதி நியூயார்க் நகரப் பள்ளிகள் பனிக்காக அதைத்தான் செய்தன. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்ததில் பலரால் நுழையவே முடியவில்லை. நியூயார்க்கில் அந்த நிலை. எங்கள் தெருவில் நாலு சொட்டு விழுந்தால் கரண்ட் போகும். இதை இதோடு விட்டுவிடலாம்.

பன்னிரண்டு மணிக்கு கேட் திறப்பதில் இன்னொரு விஷயமும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது: சாப்பாடு. புதுச்சேரிப் பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகக் காலத்தில் தொடங்கிவிட்டது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமைக்குரிய பிரதேசத்தில், உலையில் சோறு வேகும் நேரத்தில் பள்ளியை விட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளை எங்கே போய்ச் சாப்பிடும்? மழைக்காலம் சம்பா, தாளடி வேலை நேரம். நெடுங்காடு பக்கமும் அம்பகரத்தூர் பக்கமும் பெண்கள் நடவிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் வைத்திருப்பார்கள். வீடு பூட்டியிருக்கும். ஒரு வேளைச் சோற்றைப் பறித்துக்கொண்டு, பூட்டிய வீட்டுக்கு ஒரு குழந்தையை மழையில் அனுப்புவதற்கு எந்த அகராதியில் பாதுகாப்பு என்று பெயர்?

டீச்சர்கள் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அவர்களில் பலர் மயிலாடுதுறையிலிருந்தும் நாகையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, அந்தப் பிள்ளைகளின் பள்ளியும் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு விட்டிருக்கும். நான் இந்தக் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வாதம் முழுவதிலும் நேர்மையான காரணம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். அப்படியென்றால் அதை அதன் பெயரிலேயே சொல்லுங்கள். 'வெளியூர் ஆசிரியர்கள் கிளம்புகிறார்கள், உள்ளூரில் இருக்கிற நான்கு பேர் மூன்றரை வரை இருப்பார்கள், முடிந்தவர்கள் வந்து பிள்ளையைக் கூட்டிப் போகலாம், முடியாதவர்கள் பதற வேண்டாம்' என்று ஒரு செய்தி அனுப்பினால் எந்த அம்மாவும் சண்டைக்கு வர மாட்டாள். ஊழியர்களின் தேவையைப் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று மாற்றி எழுதுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நான் அம்மா என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறேன், கவனித்திருப்பீர்கள். பள்ளிப் பதிவேட்டில் முதல் எண் என் கணவருடையது, இரண்டாவது என்னுடையது. 'குடும்பத் தலைவர்' என்று அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் எதற்காக இருந்தாலும் போன் வருவது எனக்குத்தான். இந்தப் பாதி நாள் லீவு என்கிற ஏற்பாடே, ஒவ்வொரு வீட்டிலும் பகல் பன்னிரண்டு மணிக்கு வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் பாட்டி இருந்தாள். இப்போது பாட்டியே நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள், அல்லது முட்டிவலியோடு மாடியில் படுத்திருக்கிறாள், அவளை முழங்கால் தண்ணீரில் அனுப்ப முடியாது.

என் அலுவலகக் குழுவில் நியூஜெர்சியில் இருக்கும் ஒருவர், பிப்ரவரியில் ஒரு நாள், 'பனி, பள்ளியைச் சீக்கிரம் விடுகிறார்கள், பிள்ளையைக் கூட்டி வரப் போகிறேன்' என்று எழுதிவிட்டுப் போனார். ஏழெட்டுப் பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். நவம்பரில் நான் அதையே 'மழை' என்று எழுதியபோது மேலாளர் தனியாகக் கேட்டார்: "வீட்ல வேற யாரும் இல்லையாம்மா?" நல்ல மனிதர்தான், அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் பனி என்றால் இயற்கைச் சீற்றம், மழை என்றால் என் வீட்டு நிர்வாகக் கோளாறு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எனக்கே இந்தக் கேள்வி என்றால், ஜவுளிக்கடை அம்மாவுக்கு அன்றைக்கு அரை நாள் சம்பளம். வயலில் இருக்கிறவளுக்கு முழு நாள்.

அந்த நியூஜெர்சிக்காரரிடம் பிறகு பேசினேன். அங்கே பள்ளியைச் சீக்கிரம் விடுவது நல்லதா கெட்டதா என்பது அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு நடைமுறை என்னைப் பிடித்துக்கொண்டது. வருட ஆரம்பத்திலேயே அவர்கள் பள்ளியில் ஒரு படிவம் கேட்பார்களாம்: திடீரென்று பள்ளி விட்டால் உன் பிள்ளை எங்கே போக வேண்டும், யாரிடம், அவர் இல்லையென்றால் அடுத்தது யாரிடம். சின்ன வகுப்புப் பிள்ளையை, அழைத்துப்போகப் பெரியவர் யாரும் நிற்காத நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறக்க மாட்டார்களாம், திருப்பிப் பள்ளிக்கே கொண்டுபோய்விடுவார்களாம். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பேனாவும்.

நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. லீவா இல்லையா என்பதைக் காலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலைத் துறை தொடர்ந்து வெளியிடுகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் பத்திரிகைக்காரர்களுக்காக மட்டும் வைத்திருக்கிற வண்ணங்கள் இல்லை. கடலோரத்தில் இந்தப் பருவமழை பின்னிரவிலும் விடிகாலையிலும் வலுப்பது சாதாரணம், ஆகவே ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி விஷயம் தெரியும். கணிப்பு தவறலாம். 2022 நவம்பர் 11-ஆம் தேதி எங்களுக்கு வடக்கே இருக்கிற சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்பது வானிலைத் துறைக் கணக்கு. அப்படி ஒரு மழை ஒரு ஊரில் விழுந்து பக்கத்து ஊரில் குறைவாக விழலாம், யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. சந்தேகமா, லீவு விட்டுவிடுங்கள். வெயில் அடித்தால் நான் மீம்ஸ் போட மாட்டேன்.

ஆனால் ஆறு மணிக்குச் சொல்லாமல் விட்டு, பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டால், மூன்றரை மணி வரைக்கும் அவள் உங்கள் பிள்ளை. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர்தான். காரைக்கால், நாகை, மயிலாடுதுறை மூன்று பேரும் அந்த ஆறு மணிக்கு ஒரு போன் பேசிக்கொண்டால் எல்லை தாண்டி வருகிற பிள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரே செய்தி கிடைக்கும். பூவத்துக்கும் பொறையாருக்கும் நடுவில் மேகத்துக்கு செக்போஸ்ட் கிடையாது. பள்ளிக்குள் தேவைப்படுவது தண்ணீர் ஏறாத ஒரு பெரிய அறை, உள்ளூரில் குடியிருக்கிற இரண்டு மூன்று ஆசிரியர்களின் பெயர், கொஞ்சம் அரிசி பருப்பு, ஒரு எமர்ஜென்சி விளக்கு. வந்து கூட்டிப் போகிறவரின் கையெழுத்துக்கு ஒரு நோட்டு. மூன்றரைக்கும் மழை நிற்கவில்லையா? நாலரைக்கு விடுங்கள். ஐந்துக்கு விடுங்கள். பிள்ளை உள்ளே, காய்ந்த துணியோடு, இரண்டு டீச்சரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் எங்களால் பொறுக்க முடியும்.

பள்ளியில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "மத்த பேரண்ட்ஸ் யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே மேடம்" என்றார்கள். நிஜம்தான், யாரும் செய்யவில்லை. அதனால் மற்ற அம்மாக்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு பேர். ஜூனில் கொடுக்கிற படிவத்தில் பிள்ளையின் ரத்த வகை, தாய்மொழி, மதம், சாதி, அப்பாவின் ஆண்டு வருமானம், ஆதார் எண் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பள்ளி திடீரென்று விட்டால் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்குக் கட்டம் இல்லை. இந்த முறை நாங்கள் பன்னிரண்டு பேரும் படிவத்தின் அடியில் கையால் கோடு போட்டு மூன்று பெயர் எழுதித் தருவதாக இருக்கிறோம். இந்த மூவரைத் தவிர வேறு யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது, இவர்களில் ஒருவர் வரும்வரை பிள்ளை பள்ளிக்குள்தான் இருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை கேட்போம். ஜவுளிக்கடை அம்மா தன் மூன்றாவது பெயராக டீக்கடைக்காரரை எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்க என்று சொல்லியிருக்கிறேன்.